நெறி கட்டுதலும் மூட்டு வீக்கமும்

கெடா மாநிலத்தில் கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்துவரும் தமிழரிடையே 'நெறி கட்டியிருக்கிறது' என்னும் வழக்கு மிகச் சாதாரணமானது. காலில் முள் தைத்துச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் கழலைபோல் ஒன்று திரளும். கையில் புண் என்றால் அக்குளில் திரளும். புண் ஓரிடம், நெறி வேறிடம். இரண்டுக்கும் இடையே ஏதோ ஒரு வழி உண்டென்பதைப் பேச்சு வழக்கே ஒப்புக்கொண்டுவிடுகிறது. நெறி என்ற சொல்லுக்கு வழி என்றும் பொருளுண்டு. அதுவும் இதுவும் ஒன்றென்று சாதிப்பது சொல்லாராய்ச்சி ஆகாது. ஆயினும் தமிழாசிரியருக்கு இப்பொருத்தம் இனிக்கவே செய்யும்.

மூட்டு வீங்கினால் மட்டும் பேச்சு மாறிவிடும். அது 'வாதம்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். தொடை இடுக்கின் நெறியையும் முழங்காலின் வீக்கத்தையும் ஒரே வழியில் வைத்துப் பார்த்தவர் அரியர்.

அவ்வழியைக் கண்ணால் காண மேனாட்டாருக்கும் நெடுங்காலம் பிடித்தது. குருதி சிவப்பு, கண்டவுடன் தெரியும். நிணநீருக்கோ நிறமில்லை; அது ஓடும் குழாய்கள் நூலினும் மெல்லியவை. 1622ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகரில் காஸ்பாரே அசெல்லி என்ற மருத்துவர், நன்கு உண்டிருந்த நாயொன்றை அறுத்துப் பார்த்தார். குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிற இழைகள் பரந்து கிடந்தன. நரம்புகள் என்றே முதலில் எண்ணினார். ஒன்றைக் கீறினார், பால் போன்ற நீர் வெளிப்பட்டது. உணவின் கொழுப்பைச் சுமந்ததால்தான் நிறமற்ற நீர் அன்று வெண்மையாகிக் கண்ணிற் பட்டது. அவருடைய நூல் 1627இல் அச்சேறியபோது ஆசிரியர் உயிருடன் இல்லை. அந்நீர் நெஞ்சுக் குழாய் வழியே ஏறிக் குருதியில் கலப்பதை 1651இல் பிரான்சின் பெக்கே காட்டினார். பின்னர் உடலெங்கும் இக்குழாய்கள் உண்டென முதலில் கண்டவர் யார் என்று சுவீடனின் ரூட்பெக்கும் டென்மார்க்கின் பார்த்தோலினும் பூசலிட்டனர். பூசலில் யார் வென்றார் என்பதைவிட, பார்த்தோலின் இட்ட 'தெளிந்த நீர்' என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரே இன்றளவும் நிலைத்தது என்பதுதான் குறிப்பிடத்தக்கது.

குருதிக் குழாய்களிலிருந்து கசிந்து தசைக்குள் நிற்கும் நீரை மீட்டுக் கொண்டுபோவதே இக்குழாய்களின் தொழில். அக்கசிவின் கணக்கை 1896இல் இங்கிலாந்தின் ஸ்டார்லிங் விளக்கினார். முழங்கால் மூட்டினுள் ஊறும் நீரும் கழிவும் இவ்வழியாகவே முழங்காலின் பின்புறத்திலும் தொடை இடுக்கிலும் உள்ள நெறிகளுக்குச் செல்கின்றன. வழி அடைபட்டால் நீர் தேங்கும்.

அடைத்தது யார்? 1872இல் கல்கத்தாவில் தீமொத்தி லூயிஸ் மனிதக் குருதியில் நுண்புழுக்களைக் கண்டார். 1877இல் சீனத்தின் அமோய் நகரில் பேட்ரிக் மேன்சன், கொசுவின் வயிற்றில் அவை வளர்வதைக் கண்டார். ஆனால் கொசு விழுந்து மடிந்த நீரைக் குடிப்பதால் நோய் பரவுகிறது என்று அவர் தவறாக எண்ணினார். கொசுவின் ஊசிவாயிலேயே புழு இருப்பதை 1900இல் லோ கண்ட பிறகே அத்தவறு நீங்கிற்று. தஞ்சைச் சீமையிலிருந்து வந்தவர்கள் கும்பகோணத்தின் யானைக்கால் நோயை அறிவார்கள். மலாயாவில் பெரிதும் காணப்பட்டது அதன் இன்னோர் இனம். 1927இல் புருக் என்னும் டச்சு அறிஞர் அதைத் தனி இனமாக விவரித்தார். இவ்வினம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் வீக்கத்தை உண்டாக்கும்.

தீபகற்பத்தின் வடமேற்கில், நெல்வயலும் திறந்த சதுப்பும் உள்ள இடங்களில், இரவில் மட்டுமே குருதிக்கு வரும் புழுவகை இருந்தது. ரப்பர்த் தோட்டங்களில் மலேரியாவை ஒடுக்க வாய்க்கால் வெட்டினார்கள். தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தார்கள். மலேரியா தணிந்தது உண்மை. ஆனால் இப்புழுவைப் பரப்பும் மான்சோனியாக் கொசுவின் குஞ்சு மூச்சுக்காக நீரின் மேற்பரப்புக்கு வருவதில்லை. ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து, அதிலுள்ள காற்றையே உறிஞ்சிக் கொள்ளும். எண்ணெய் அதை என்ன செய்யும்? செடியை வாரி எறிந்தால்தான் அது ஒழியும்.

புழு நிணநீர்க் குழாயில் ஆண்டுக்கணக்கில் வாழும். குழாய் விரிந்து, உள்ளிருக்கும் தடுக்குகள் பயனற்றுப் போகும். காற்புண் வழியே நுழையும் கிருமிகளும் சேர்ந்தால் காய்ச்சல், நெறி, வீக்கம் ஒன்றாக வரும். சிலருக்கு முழங்கால் மூட்டே வீங்கும். பெரும்பாலும் ஒரே முழங்கால். பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைய கூலி இல்லை என்ற காலத்தில், அத்தகைய காலோடு நிரையில் நின்று பால் வெட்டுவது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் தேய்த்து 'வாதத்தை' ஆற்றினாலும் புழு அகலாது. 1947 முதல் வழங்கிய டைஎத்தில்கார்பமசைன் மருந்தே அதைத் தாக்கியது. முழங்காலில் பால் போன்ற நீர் தேங்கும் நோயைப் பற்றித் தாஸ், சென் என்ற இந்திய மருத்துவர் இருவர் 1968இல் எழுதினர். அசெல்லி நாயின் குடற் சவ்வில் கண்ட அதே வெண்ணீர், குழாய் உடைந்து மனித மூட்டுக்குள் கசிந்திருந்தது.

புழுவைக் காண இரவில் குருதி எடுக்க வேண்டியிருந்தது. விடியுமுன் எழும் தோட்டத் தொழிலாளிக்கு இது பெருந்தொல்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர் பின்னர் உருவாக்கிய விரைவுச் சோதனை, குருதியிலுள்ள எதிர்ப்பொருளைக் காட்டுவதால் பகலிலும் செய்யத்தக்கதாயிற்று.

புழுவே இல்லாத மூட்டழற்சியிலும் இக்குழாய்களுக்குப் பங்குண்டு என்பது அண்மைக் கால ஆய்வு. இரு கைகளின் சிறு மூட்டுகளும் காலையில் விறைக்கும் முடக்குவாதத்தை அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளில் ஆராய்ந்தனர். முதலில் முழங்காற்பின் நெறி பெருத்து, மிகுந்த நீரை வாங்கிக் கொள்கிறது. பின்னர் குழாய்களின் துடிப்புத் தளர, நெறி சுருங்குகிறது; அப்போதே மூட்டு வீக்கம் மூர்க்கம் கொள்கிறது. நோயாளிகளின் விரலிடுக்கில் பச்சைச் சாயம் செலுத்தித் தனிவகைப் படக்கருவியால் நோக்கியபோது, நோய் முனைப்பாயிருந்தவர்களின் கைகளில் சாயம் தாமதித்தே வடிந்தது.