ஜாரின் அங்கி சீட்டுக்கட்டுக்கு வந்த கதை

1903 பிப்ரவரியில் ரஷ்யாவின் கடைசி ஜார், இரண்டாம் நிக்கோலஸ், தன் முன்னோர் ஒருவரின் வேடம் கட்டினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில் இரண்டு நாள் மாறுவேட விருந்து. வந்தவர்கள் சுமார் 390 பேர். எல்லோரும் 17ஆம் நூற்றாண்டு உடையில் வரவேண்டும் என்பது உத்தரவு. ஜார் தேர்ந்தெடுத்தது 1645 முதல் 1676 வரை ஆண்ட அலெக்ஸி மிகைலோவிச்சை. அரசி அலெக்ஸாந்த்ரா, அந்த அலெக்ஸியின் முதல் மனைவி மரியாவாக வந்தார்.

பொன்சரிகைத் துணியில் அங்கி புதிதாகத் தைத்தாயிற்று. அது போதவில்லை. மாஸ்கோ கிரெம்ளின் அருங்காட்சியகத்திலிருந்து அந்தக் காலத்து அசல் கோலும் அணிகலன்களும் வந்து சேர்ந்தன. காப்பாளர்களுக்கு அந்த வாரம் தூக்கம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். வேடமும் அசலும் ஒரே உடம்பில் ஏறின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அலெக்ஸியின் மகன்தான் மகா பீட்டர். தாடியை மழிக்கச் சொல்லி, இந்த நீண்ட அங்கிகளை ஒழித்து, பிரபுக்களுக்கு ஐரோப்பியச் சட்டை மாட்டிவிட்டவர். அவர் 1703இல் நிறுவிய நகரத்தில், அதன் இருநூறாவது ஆண்டில், அவர் ஒழித்த உடையை மாட்டிக்கொண்டு அவர் வாரிசுகள் ஆடினார்கள். வல்லூறு வளர்ப்பவன் வேடத்தில் வந்த இளவரசர் அலெக்ஸாந்தர் மிகைலோவிச், அரண்மனைக்கு வெளியே வேலைநிறுத்தங்கள் நடந்துகொண்டிருந்ததைப் பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் கசப்போடு எழுதினார்.

விருந்து முடிந்தால் வேடம் பெட்டிக்குள் போகும். இந்த வேடங்கள் போகவில்லை, காரணம் கேமரா. தலைநகரின் தேர்ந்த ஒளிப்படக்காரர்கள் விருந்தினரைத் தனித்தனியே படமெடுத்தார்கள். 1904இல் அவை ஆல்பமாக அச்சேறின.

அடுத்த தாவல் யாரும் எதிர்பாராதது. 1911 வாக்கில், ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் இருந்த டோண்டோர்ப் நிறுவனம் அந்த உடைகளை ஒட்டி ராஜா, ராணி, ஜாக்கிப் படங்களை வரைந்தது. ‘ரஷ்யப் பாணி’ என்ற பெயரில் ரஷ்யாவின் அலெக்ஸாந்த்ரோவ்ஸ்க் ஆலை அந்தக் கட்டை அச்சிட்டது. ரஷ்யாவில் சீட்டுக்கட்டு அச்சிடுவது அப்போது அரசின் ஏகபோகம். லாபம் அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு. அதற்கு அடையாளமாக, தன் குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழைக்கடா முத்திரை டைமன் ஆஸில் விழும்.

1917இல் முடி போனது. 1918இல் ஜாரின் குடும்பம் சுட்டுக் கொல்லப்பட்டது. சிலைகளை இறக்கிய, தெருப் பெயர்களை மாற்றிய ஆட்சி, சீட்டுக்கட்டையும் சும்மா விடவில்லை. பாதிரிகளைக் கேலி செய்யும் மதஎதிர்ப்புக் கட்டுகூட 1930களில் வந்தது. நின்றது என்னவோ பழைய கட்டுதான். லெனின்கிராடில் அச்சாகி ரயில் பெட்டி, படைமுகாம், சமையலறை மேசை என்று சோவியத் நாடு முழுவதும் பரவியது. மக்கள் கொல்லப்பட்ட அரச குடும்பத்தின் விருந்து உடையைக் கையில் விசிறிபோல் விரித்துக்கொண்டு ஆடினார்கள். பலருக்கு அது தெரியவும் தெரியாது.

நிக்கோலஸின் அங்கி இன்று கிரெம்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் தொட முடியாது. கட்டோ இன்னும் விற்பனையில் இருக்கிறது. ரஷ்யர்கள் அதை வைத்து அதிகம் ஆடுவது ‘துராக்’. 36 சீட்டு ஆட்டம். துருப்பு ஆறு இறங்கினால் வேறு இன ராஜா வெட்டுப்படுவார்.