பழைய சவரக் கருவி சொல்லும் சரித்திரம்

முன்னாளில் தீட்டிய கத்தியால்தான் சவரம். கை தவறினால் காயம். அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட், மழுங்கினால் எறிந்துவிடும் மெல்லிய பிளேடை எண்ணினார். அம்மெல்லிய எஃகைக் கடினமாக்க வழி கண்டவர் வில்லியம் நிக்கர்சன். 1903இல் விற்றவை 51 கருவிகளே. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசாங்கம் படைவீரர்களுக்கு அவற்றை வழங்கியது. வீடு திரும்பிய வீரர்களோடு அப்பழக்கமும் பரவியது.

உங்கள் வீட்டிலும் பழைய கருவி இருக்கிறதா? முதலில் பிளேடை அகற்றிவிடுங்கள். பிறகு தலைப்பகுதியின் அடியில் பாருங்கள். ‘சோலிங்கன்’ என்றிருந்தால், அது கத்திக்குப் பேர்போன ஜெர்மானிய நகரம். அமெரிக்க ஜில்லெட்டில் ‘ஏ 2’ என்றிருந்தால், 1955ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் செய்தது. பளபளப்புக்காக மணலிட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்து அழிந்தால் அதன் ஊரும் வயதும் சேர்ந்தே அழிந்துவிடும்.