பரையா (ஆங்கிலச் சொல்)

பெயர் கெட்டு, எல்லோராலும் ஒதுக்கப்பட்ட மனிதரையோ நாட்டையோ ஆங்கிலத்தில் பரையா என்பார்கள். பறையர் என்ற தமிழ்ச் சாதிப் பெயரே இதன் மூலம். அப்பெயர் பறை என்னும் தோற்கருவியிலிருந்து வந்தது என்று பெரும்பாலான அகராதிகள் விளக்குகின்றன. புறநானூற்றின் 335ஆம் பாடலோ பறையரை ஒப்பற்ற நான்கு குடிகளுள் ஒன்றாக வைக்கிறது. மூலச் சொல்லில் இழிவு ஏதும் இல்லை.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் எழுத்திலும், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் இச்சொல் ஏறியது. முதலில் சாதியை மட்டும் சுட்டியது, 19ஆம் நூற்றாண்டில் வசையாகவும் விரிந்தது. தெருநாய்க்கு 'பரையா நாய்' என்று பெயர் வந்தது. பருந்துக்குக்கூடச் சாதி பிரித்தார்கள்: செம்பருந்து 'பிராமினி', கரும்பருந்து 'பரையா'. சாதியம் இங்கே விதைத்த இளக்காரத்தை ஆங்கிலம் உலகெங்கும் கொண்டுபோனது. இதற்கு நேரெதிராக, 1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். வசையாக்கப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து சூடிக்கொண்ட துணிவு அது.

மலேசியாவில் 'பாரியா' மலாய்ப் பேச்சிலும் வசைதான். தேசிய இலக்கியவாதி அப்துல்லா உசேன் எழுதி 1971இல் வெளிவந்த 'இன்டர்லோக்' நாவல், மணியம் முதலிய தமிழ்த் தொழிலாளர் பாத்திரங்களை 'பாரியா' சாதியினர் என்று குறிப்பிட்டது. 2011இல் அது ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூலானது. கோலாலம்பூர், சிலாங்கூர் பள்ளிகளும் இதில் அடங்கியதால், செராஸ், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழ்ப் பெற்றோருக்கு இது வீட்டுப் பிரச்சினையாகவே வந்து சேர்ந்தது. வகுப்பறையில் பிள்ளையை அச்சொல்லால் கேலி செய்வார்களே என்ற அவர்களின் அச்சம் நியாயமானது. கண்டனக் கூட்டங்கள் நடந்தன, பிப்ரவரியில் கோலாலம்பூரில் ஊர்வலத்துக்கு முயன்றவர்கள் கைதானார்கள். திருத்தம் செய்வதா, நூலையே விலக்குவதா என்ற இழுபறிக்குப் பின், அவ்வாண்டின் இறுதியில் அரசு நூலைத் திரும்பப் பெற்றது.

அந்தப் போராட்டத்தில் ஒரு குறையும் இருந்தது. 'எங்களை அப்படிச் சொல்வதா' என்று எழுந்த குரல்கள் சிலவற்றில், அக்குடியினர் மீது தமிழரே வைத்திருக்கும் இளக்காரமும் கலந்திருந்தது. எதிர்க்க வேண்டியது ஒரு மக்களின் பெயரை வசையாக்கும் வழக்கத்தைத்தான்.

ஆங்கில ஏடுகள் இன்றும் உலகம் புறக்கணிக்கும் அரசுகளைப் 'பரையா நாடு' என்றே எழுதுகின்றன. அச்செய்திகளைத் தமிழில் தருவோர் 'ஒதுக்கப்பட்ட நாடு' என்று எழுத வேண்டும்.