வாடி திறக்கும் நேரம் – 7: இரண்டு நிலவு, இரண்டு உலகம்

மன்னர் செத்துக் கிடக்கிறார். சுற்றிலும் திகைத்து நிற்கும் குடிமக்கள். கொன்றவனைக் காணோம். சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தினோம்.

நாள், 1997 ஆகஸ்ட் 9. ‘அல்டிமா ஆன்லைன்’ கடைக்கு வருவதற்கு முன் நடந்த சோதனை ஓட்டம். லார்ட் பிரிட்டிஷ் என்ற பெயரில் அரசராக உலா வந்தவர், அந்த விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட். சர்வர் ஒருமுறை படுத்து எழுந்த பிறகு, தனக்குச் சாவு வராமல் காக்கும் அமைப்பை மறுபடி போட மறந்துவிட்டார். ‘ரெய்ன்ஸ்’ என்ற பெயரில் ஆடியவர் ஒரு நெருப்பு மந்திரத்தை வீசினார். கதை முடிந்தது.

அடுத்து நடந்ததுதான் விசேஷம். ஆத்திரத்தில் அரண்மனைத் தரப்பு கூட்டத்தின் நடுவே பூதங்களை ஏவிவிட்டது. செத்தவர்கள் யார்? அரசரைப் பார்க்க வந்து சும்மா நின்றவர்கள்.

ஆயுதம் எடுக்காதவனுக்கு இந்த உலகத்தில் என்ன பாதுகாப்பு? அன்றைக்கு இதை யாரும் கேட்கவில்லை. ஆறு வாரத்தில் எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள்.

ஊர் எல்லைக்கு அப்பால்

1997 செப்டம்பர் 24. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலிருந்த ஆரிஜின் நிறுவனம் விளையாட்டை வெளியிட்டது. மதுரையில் இதை ஆடிப் பார்த்தவர் அபூர்வம். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தே இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தொலைபேசிக் கம்பி வழியே மோடம் கீச்சிடும் காலம்.

அல்டிமாவில் சண்டை மட்டும் இல்லை. சுரங்கம் தோண்டலாம், மரம் வெட்டலாம், தையல் வேலை செய்யலாம், ரொட்டி சுடலாம், வீடு கட்டலாம், கடை வைக்கலாம். ஆனால் ஊர்க் காவலர்களின் எல்லையைத் தாண்டிவிட்டால், எந்த ஆட்டக்காரரும் எவரையும் வெட்டலாம். பிணத்திலிருந்து உடைமைகளை உருவிக்கொள்ளலாம். பையில் வீட்டுச் சாவி இருந்தால் வீடும் போச்சு.

தலைமை வடிவமைப்பாளர் ராஃப் கோஸ்டருக்கு ஒரு கனவு இருந்தது. காவலை மேலிருந்து திணிக்க வேண்டாம், மக்களே நீதியை உருவாக்கிக்கொள்வார்கள் என்று நம்பினார். அந்தக் கனவு முழுக்கப் பொய்யாகவும் இல்லை. கொலைகாரர்களை வேட்டையாடும் குழுக்கள் பிறந்தன. ஆட்டக்காரர்களே ஊர்களை அமைத்துக் காவல் காத்தார்கள். கொலைகாரர்களின் பெயர் சிவப்பு நிறத்தில் தெரியும்படி நிர்வாகமும் ஏற்பாடு செய்தது.

ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. மாதச் சந்தா கட்டி நேற்றுச் சேர்ந்தவன், கையில் கோடரியோடு காட்டுக்குப் போகிறான். ஐந்து சிவப்புப் பெயர்கள் மேலே விழுகின்றன. அவன் நீதிக் குழு அமைப்பதில்லை, சந்தாவை நிறுத்துகிறான்.

போவதற்கு வேறு இடம் இல்லாதவரை ஆரிஜின் சமாளித்தது. 1999 மார்ச்சில் அந்த இடமும் வந்தது. ‘எவர்குவெஸ்ட்’. அதன் பெரும்பாலான சர்வர்களில், நீங்களாகச் சம்மதிக்காமல் இன்னொரு ஆட்டக்காரர் உங்களைத் தொட முடியாது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. சீக்கிரமே சந்தாதாரர் எண்ணிக்கையில் அல்டிமாவை முந்தியது.

ஆரிஜினுக்கு இரண்டே வழி. கனவை விட வேண்டும், அல்லது ஆட்களை விட வேண்டும்.

பிளவு

2000-ஆம் ஆண்டு வந்த ‘ரினைசான்ஸ்’ பதிப்பில் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உலகத்தையே பிரதி எடுத்து இரண்டாக்கினார்கள். கதையுலகின் இரண்டு நிலவுகளின் பெயரை வைத்தார்கள். ஃபெலுக்கா பழைய உலகம், யாரும் யாரையும் கொல்லலாம். டிராமல் புதியது, சம்மதம் இல்லாமல் சண்டை கிடையாது. ஒரே வரைபடம், அதே ஊர்கள், அதே சுரங்கங்கள். ஃபெலுக்காவில் மட்டும் மரங்கள் பட்டுப்போய், கல்லறைகள் முளைத்துக் கிடந்தன.

பெருங்கூட்டம் டிராமலுக்குக் குடிபெயர்ந்தது. ஃபெலுக்காவின் சாலைகளில் வெட்ட ஆளில்லை. உலகம் செத்துவிட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் புலம்பினார்கள். புலம்பலில் நியாயம் இருந்தது. ஆபத்து போனதும் காவலுக்கு ஆள் வைக்கும் தேவை போனது. ஊர்க்காவல் படைகள் கலைந்தன. பயத்தால் பிறந்த நட்புகளும் நின்றுபோயின.

நிர்வாகம் பிற்பாடு ஃபெலுக்காவுக்கு மட்டும் கிடைக்கும் அரிய பரிசுகளை வைத்து ஆட்களை இழுத்துப் பார்த்தது. அந்த உத்தியை மற்றவர்கள் எப்படித் தலைகீழாகத் திருப்பினார்கள் என்பதைப் பார்க்கும் முன், ஒருமுறை அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குப் போய்வருவோம்.

யாரும் தொடாத காளை

தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர். ஒரு மாட்டை ஒருவர்தான் அணைய வேண்டும். இரண்டு பேர் தொங்கினால் பிடி செல்லாது. காளையோடு மல்லுக்கட்டலாம், வீரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளக் கூடாது. பிடிபட்டால் வீரருக்குப் பரிசு, பிடிபடாவிட்டால் மாட்டுக்காரருக்குப் பரிசு.

இத்தனைக்கும் முன்னால் வாடியிலிருந்து வருவது கோயில் காளை. மைக்கில் சொல்லிவிடுவார்கள், யாரும் கை வைக்க மாட்டார்கள். அதற்கென்று ஊருக்கு வெளியே தனி மைதானம் போடுவதில்லை. அதே வாடி, அதே கூட்டம், போதாததற்கு முதல் மரியாதை. போட்டியின் பரிசு மட்டும் அதற்குக் கிடையாது. போட்டியில் இறங்காததற்குப் போட்டிப் பரிசு எதற்கு?

இந்த வழக்கம் பக்தியில் பிறந்தது, ஆட்ட வடிவமைப்பில் அல்ல. ஆனாலும் நம் வழக்குக்கு இது நல்ல சாட்சி. களமும் மரியாதையும் எல்லோருக்கும் பொது. மோதலின் பரிசு மட்டும் மோதுகிறவர்களுக்கு.

கூலியில் கை வைத்தவர்கள்

இப்போது 2023 டிசம்பருக்கு வருவோம். ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ கடற்கொள்ளை விளையாட்டு 2018-இல் வெளியானது. தோண்டி எடுத்த புதையலைக் கரை சேர்ப்பதற்குள் வேறொரு கப்பல் வந்து பறித்துவிடலாம். ஐந்து வருடக் கெஞ்சலுக்குப் பின், மற்ற ஆட்டக்காரர்களே இல்லாத ‘சேஃபர் சீஸ்’ வந்தது. ஆனால் அங்கே எடுக்கும் புதையலுக்கு, அறிமுகமானபோது வழக்கமான விலையில் 30 சதவீதம்தான். சொந்தமாக வாங்கிய கப்பலை அப்போது கொண்டுபோக முடியவில்லை. உச்சப் பட்டத்தையும் அங்கே எட்ட முடியவில்லை.

டிராமல் முழு உலகத்தைக் கொடுத்தது. இது கிள்ளிக் கொடுத்தது. ‘ஜிடிஏ ஆன்லைன்’ எதிர்த்திசையில் நகர்ந்தது. பொது அமர்வில் மட்டுமே செய்ய முடிந்த சரக்கு வியாபாரத்தை, 2022 ஜூலையில், அழைத்தவர்கள் மட்டும் வரும் தனி அமர்விலும் செய்ய விட்டது.

சமாதானக் களத்தில் முழுக் கூலி கொடுத்தால் ஆபத்துக் கடலுக்கு யார் போவார்கள் என்று கேட்கிறார்கள். சண்டை பிடித்தவர்கள் போவார்கள். காசுக்காக மட்டும் அங்கே போய்க்கொண்டிருந்தவர் சண்டைக்காரரே அல்ல, மற்றவர்களின் வேட்டைக்கு இரை. எதிராளி குறைகிறான் என்று ஒருவர் வருத்தப்பட்டால் புரிந்துகொள்ளலாம். இரை குறைகிறது என்ற வருத்தத்துக்கு வடிவமைப்பாளர் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

ஒரே ஒரு தடை வலுவானது, சந்தை. பத்திரமான களத்தில் சேர்த்த பொருளை ஆபத்தான களத்துக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தால், உயிரைப் பணயம் வைத்தவனின் உழைப்பு மலிந்துவிடும். அதற்கு மருந்து கூலியை வெட்டுவதல்ல, இரண்டு சந்தையையும் தனித்தனியாக வைப்பது.

இந்தக் கேள்வி எல்லா விளையாட்டுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்ப் பையன்கள் ஆடிய பப்ஜியில், நூறு பேர் இறங்கிக் கடைசி ஆள் மிஞ்சும்வரை மோதுவதே ஆட்டம். அங்கே மோதலை எடுத்தால் ஆட்டமே இல்லை. வீடும் தொழிலும் கடைவீதியும் உள்ள உலகங்களுக்குத்தான் சமாதானக் களம் தேவை. அப்படிக் கொடுத்தால் வாசலும் வரைபடமும் கூலியும் முழுசாகக் கொடுக்க வேண்டும்.

ஆனால் சமாதானக் களம் இருந்தும், போர்க்களத்திலேயே ஒரு கூட்டம் ஆயுதமில்லாமல் நின்றால்?

2006. ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’. சண்டை அனுமதித்த ஒரு சர்வரில், பனி படர்ந்த நிலத்து நீர்க்கரையில் ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நிஜ வாழ்க்கையில் இறந்துபோன தங்கள் தோழிக்கு அஞ்சலி. இடமும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிட்டன. அந்த அறிவிப்பை எதிரணியும் படித்துவிட்டது.

சுரங்கப் பாதை வழியாக அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

(தொடரும்)