அடைக்கோழியும் ஜெமிமா வாத்தும்

பதிப்பாளர்கள் பீட்டர் முயல் கதையை வரிசையாகத் திருப்பி அனுப்பியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அதை எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் 1905-இல் ஹில் டாப் பண்ணையை வாங்கிய கட்டத்துக்குப் போயாக வேண்டும். ஆனால் பெஞ்சமின் பவுன்சரை விட்டுவிட்டு எப்படிப் போவது? பீட்டருக்கு முன்பே லண்டன் வீட்டில் கோலோச்சிய முயல் அது. தேநீர் மணி சத்தம் கேட்டதும் வரவேற்பறைக்கு ஓடிவந்துவிடும். வெண்ணெய் தடவிய சூடான டோஸ்ட் என்றால் அதற்கு உயிர். 1890-இல் அதை மாதிரியாக வைத்து வரைந்த ஆறு வாழ்த்து அட்டைப் படங்களுக்கு ஹில்டெஷைமர் அண்ட் ஃபாக்னர் நிறுவனம் ஆறு பவுன் அனுப்பியது. ஓவியத்துக்குக் கிடைத்த முதல் வருமானம். அந்தச் சந்தோஷத்தில் பாட்டர் பறவைகளுக்குப் போடும் கஞ்சா விதையை ஒரு கோப்பை நிறைய முயலுக்கு வைத்தார். மறுநாள் வரைய உட்கார்ந்தால், மாதிரியாக இருக்க வேண்டியவர் போதையில் யாருக்கும் அடங்கவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இதைப் படிப்பவர்கள் செல்லப்பிராணி மேல் வைத்த பாசமே கதையாக மாறியது என்று உடனே முடிவுகட்டி விடுகிறார்கள். பாசம் இருந்தது; அது மட்டுமே இருந்திருந்தால் அந்தக் காலத்து வாழ்த்து அட்டைகளில் வந்து மறைந்துபோன பூனைக்குட்டிகளோடு பெஞ்சமினும் போய்ச் சேர்ந்திருக்கும். பியாட்ரிக்ஸும் தம்பி பெர்ட்ரமும் இறந்துபோன பிராணிகளை வேகவைத்து எலும்புகளைப் பிரித்தெடுத்து வரைந்த பிள்ளைகள். காளான் வித்துகள் முளைப்பதை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து, 1897-இல் லின்னேயன் சங்கத்துக்குக் கட்டுரை கொடுத்தவர் அந்த அக்காள். நீல மேல்சட்டை போட்ட பீட்டரின் உடம்புக்குள் ஒரு நிஜ முயலின் முதுகெலும்பு வளைந்து நிற்கிறதென்றால், அது அந்தக் கண்ணின் வேலை.

‘சட்டை போட்டுக்கொண்டு பேசுகிற முயலில் எங்கே ஐயா விலங்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முள்ளெலி டிகி-விங்கிள் அம்மாளைப் பாருங்கள்; 1905-இல் வந்த புத்தகம் அது. கதைக்கு மாதிரியாக இருந்த நிஜ முள்ளெலி மடியில் தூங்கவிட்டால் சமர்த்தாக இருக்கும். அரை மணி நேரம் நிமிர்த்தி நிறுத்தினால் முதலில் கொட்டாவி விடும், பிறகு கடிக்கும். அதனால் ஆடைகளை வரைவதற்குப் பாட்டர் பஞ்சு அடைத்த பொம்மை ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து முயல் மிரண்டது; ஹன்கா மன்கா என்ற சுண்டெலிக்கோ பஞ்சைப் பிடுங்குவதே வேலையாக இருந்தது. ஆக, ஆடை பொம்மையிலிருந்து வந்தது, உடம்பு உயிருள்ள பிராணியிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தில் பாட்டர் குடும்பத்துக்குத் துணி வெளுத்த கிட்டி மெக்டொனால்டுதான் உண்மையான டிகி-விங்கிள் என்று வாதிடுபவர்களும் உண்டு. தொழிலும் தலைக்குல்லாயும் கிட்டியிடமிருந்து வந்திருக்கலாம்; குல்லாயை மீறிக் குத்திக்கொண்டு நிற்கும் முட்கள் அவரிடமிருந்து வரவில்லை.

என் கட்சிக்குப் பெரிய சாட்சி ஜெமிமா வாத்துதான். 1908-இல் வந்த அந்தக் கதை பண்ணைப் பழக்கம் ஒன்றிலிருந்தே பிறக்கிறது. வாத்து ஒழுங்காக அடைகாக்காது, பாதியில் எழுந்து போய்விடும். ஆகவே அதன் முட்டைகளை எடுத்து அடைக்கோழிக்கு வைத்துவிடுவார்கள். ஹில் டாப்பில் பண்ணை மேற்பார்வையாளர் ஜான் கேனனின் மனைவி செய்ததும் அதைத்தான். முட்டையை எங்கேயாவது ஒளித்து வைத்து, தானே குஞ்சு பொரிக்கத் துடித்த வாத்தும் அங்கே இருந்தது. கதையை கேனனின் பிள்ளைகளுக்கே பாட்டர் காணிக்கையாக்கினார். கதையில் காட்டுக்குப் போகும் ஜெமிமாவை நரி உபசரிக்கிறது. வாத்து வறுவலுக்கு வேண்டிய மூலிகைகளை அவளையே பறித்து வரச் சொல்கிறது. அவளுக்குப் புரியவில்லை. பண்ணை நாய் கெப்புக்குப் புரிகிறது. கெப்பும் நிஜ நாய்தான், பாட்டரின் கோலி. அது இரண்டு வேட்டைநாய்க் குட்டிகளோடு வந்து நரியைத் தொலைக்கிறது. அடுத்த நிமிடமே, யாரும் தடுக்கும் முன், குட்டிகள் ஜெமிமாவின் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. செல்லம் கொஞ்சுகிற எழுத்தாளர் இந்த இடத்தில் குட்டிகளைக் கட்டிப்போட்டிருப்பார். கோழிக்கூட்டின் கணக்கு வழக்கு தெரிந்தவரால் அது முடியாது. பின்னால் ஜெமிமாவுக்குத் தன் முட்டையைத் தானே அடைகாக்க அனுமதி கிடைக்கிறது. அப்போதும் பொரிப்பவை நான்கே. கேனனின் மனைவி செய்தது சரி என்றே கதை ஒப்புக்கொள்கிறது!

கறுப்புப் பன்றிக்குட்டி இந்த வாதத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கும். வம்சப் பதிவு இல்லாத குட்டி பண்ணைக்கு வேண்டாம் என்றார் கேனன். பாட்டர் கேட்கவில்லை, கூடையில் போட்டுக் கட்டிலருகே வைத்து, புட்டியில் பாலூட்டி வளர்த்தார். இது கலப்படமில்லாத பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1913-இல் அது ‘பிக்லிங் பிளாண்ட்’ கதைக்குள் பிக்-விக் ஆக நுழைந்தபோது, சுற்றிலும் இருப்பது சந்தையும், பன்றிகளைக் கொண்டுபோக அரசு கேட்கும் உரிமச் சீட்டும், உப்புக்கண்டம் பற்றிய பயமும்தான். தீனிக்குக் கட்டுப்படியாகாமல் பன்றிகளை விற்ற பண்ணைக்காரி எழுதிய கதையல்லவா?

பக்கம் முடிந்துவிட்டது; ஹில் டாப்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. புத்தகம் அச்சிட்டு விற்கும் குடும்பத்துப் பையன் என்பதற்காக நார்மன் வார்னை மாப்பிள்ளையாக வேண்டாம் என்று சொன்ன பாட்டரின் தாய் ஹெலன், அந்த அம்மாள் அனுபவித்த சொத்தெல்லாம் லங்காஷயர் பருத்தி வியாபாரத்தில் வந்தது என்ற விவரம், 1905 ஆகஸ்டில் நார்மனின் திடீர் மரணம், அதற்குப் பிறகு கைக்கு வந்த பண்ணை எல்லாம் அடுத்த வாரம்.