குண்டின் பருமனும் கையின் குறியும்



"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்பது நம் முன்னோர் வாக்கு. அம்பு போய்த் துப்பாக்கி வந்த பிறகும் மனிதர் இந்தப் பாடத்தை எளிதில் கற்கவில்லை. கைத்துப்பாக்கிக்கு ஏற்ற குண்டு எந்த அளவினதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படைகளையும் காவல் துறைகளையும் அலைக்கழித்தது. அந்த வரலாற்றை இன்று நாம் காண்போம்.

நம் நாடுகளில் துப்பாக்கி பொதுமக்கள் கையில் புழங்கும் பொருளன்று. மலேசியாவில் 1971ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் துப்பாக்கிக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனைகளை விதித்தன. ஆயினும் இவ்வரலாற்றின் முதல் களம் நமக்குத் தொலைவில் இல்லை. சபாவுக்குக் கிழக்கே, கடலுக்கு அப்பால் உள்ள பிலிப்பைன்ஸ் தீவுகளே அக்களம்.

1898ஆம் ஆண்டில் ஸ்பெயினை வென்ற அமெரிக்கா பிலிப்பைன்ஸைத் தன் வசமாக்கிக் கொண்டது. சூலுத் தீவுகளிலும் மிண்டனாவோவிலும் வாழ்ந்த மோரோ மக்கள் அந்நிய ஆட்சிக்கு அடிபணியவில்லை. கிரிஸும் வாளும் ஏந்தி மிக நெருக்கத்தில் வந்து போரிட்டனர். அப்போது அமெரிக்க அதிகாரிகள் இடையில் செருகியிருந்தது 0.38 அங்குலக் குண்டைச் சுடும் ரிவால்வர். அங்குலக் கணக்கிலோ மில்லிமீட்டர் கணக்கிலோ குறிக்கப்படும் இந்தக் குழல் அளவையே 'காலிபர்' என்கிறோம். குண்டு பட்டும் எதிரி நிற்காமல் பாய்ந்து வருகிறான் என்ற முறையீடு மேலிடத்துக்குப் போயிற்று. 1905ஆம் ஆண்டில் சாமார் தீவில் தப்பியோட முயன்ற ஒரு கைதி, நான்கு குண்டுகள் பட்ட பின்னும் போராடினான். இறுதியில் துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடித்தே அவனை வீழ்த்த முடிந்தது.

இதற்கு முந்திய ஆண்டிலேயே இச்சிக்கலை ஆராய இருவர் பணிக்கப்பட்டிருந்தனர். ஒருவர் படைக்கலப் பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஜான் தாம்சன். மற்றவர் படை மருத்துவரான மேஜர் லூயி லகார்ட். சிகாகோ நகரின் மாட்டுத் தொழுவங்களில் உயிருள்ள மாடுகளையும், வேறிடத்தில் மனிதச் சடலங்களையும் சுட்டுப் பார்த்தனர். படைக்குரிய கைத்துப்பாக்கியின் குண்டு 0.45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று முடிவு கூறினர். இதன் வழியே ஜான் பிரௌனிங் வடிவமைத்த 0.45 அங்குலத் துப்பாக்கி 1911ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் படையில் ஏற்கப்பட்டது.

ஆனால் அந்த அறிக்கையில் இன்னொரு கருத்தும் இருந்தது. உடலின் பெரும் பகுதியில் எந்தக் குண்டு பட்டாலும் எதிரி உடனே வீழ்வான் என்று நம்ப முடியாது; ஆகவே வீரர்களுக்குக் குறி தவறாமல் சுட இடைவிடாத பயிற்சி தர வேண்டும் என்பதே அது. பருமனைப் பற்றிய பாதியை உலகம் நினைவில் வைத்தது. பயிற்சியைப் பற்றிய பாதியை மறந்தது.

இதற்கிடையே ஜெர்மனியில் கியோர்க் லூகர் 1902ஆம் ஆண்டில் 9 மில்லிமீட்டர் தோட்டாவை உருவாக்கினார். இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கர் குறை கூறிய பழைய 0.38 அங்குலக் குண்டின் விட்டமும் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர்தான்! பழைய குண்டு நொடிக்கு ஏறத்தாழ 230 மீட்டர் வேகத்தில் சென்றது; லூகரின் குண்டோ 350 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. எனவே 8 கிராம் எடையுள்ள இச்சிறு குண்டு, 15 கிராம் எடையுள்ள 0.45 அங்குலக் குண்டின் ஆற்றலை எட்டிப் பிடித்தது. காலிபர் என்ற ஓர் எண் முழுக் கதையையும் சொல்வதில்லை என்பது இதனால் விளங்கும். 1985ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையும் 9 மில்லிமீட்டருக்கு மாறியது.

மறு ஆண்டே பழைய ஐயம் மீண்டும் தலைதூக்கியது. 1986 ஏப்ரல் 11ஆம் நாள் மயாமி நகரில் இரு கொள்ளையரோடு நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையன் ஒருவன் மீது பட்ட 9 மில்லிமீட்டர் குண்டு கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்து, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். மீண்டும் பழி அம்பின் மீதே விழுந்தது. 10 மில்லிமீட்டர் தோட்டா கொண்டுவரப்பட்டது. அதன் பின்னுதைப்பைப் பலரால் தாங்க முடியவில்லை. 1990ஆம் ஆண்டில் அதனினும் மிதமான 0.40 அங்குலத் தோட்டா வந்தது. இறுதியில் 2014ஆம் ஆண்டில் அதே துறையின் பயிற்சிப் பிரிவு 9 மில்லிமீட்டரே மேல் என்று எழுதியது. புதிய வகைக் குண்டுகள் தேவையான ஆழம் வரை செல்கின்றன. பின்னுதைப்புக் குறைவதால் பெரும்பாலோர் விரைவாகவும் குறி தவறாமலும் சுடுகின்றனர் என்பன அது காட்டிய காரணங்கள். உண்மையான மோதல்களில் காவலர் சுடும் பத்துக் குண்டுகளில் ஏழெட்டு குறி தவறுகின்றன என்றும் அவ்வறிக்கை கூறியது. 1904ஆம் ஆண்டில் மறக்கப்பட்ட பாதி, 110 ஆண்டுகள் கழித்து நினைவுக்கு வந்தது.

விளையாட்டுக் களம் இதை முன்பே அறிந்திருந்தது. குறிசுடும் போட்டியில் எதிரி இல்லை; அட்டை மட்டுமே உண்டு. அங்கே வலிமை எதற்கு? ஆகவே 1887ஆம் ஆண்டில் தோன்றிய 0.22 அங்குலச் சிறு தோட்டா உலகெங்கும் போட்டியாளரின் துணையாயிற்று. சிங்கப்பூரின் தியோ ஷுன் சியே 2014ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற காற்றுக் கைத்துப்பாக்கியின் குண்டு வெறும் 4.5 மில்லிமீட்டரே. ஹங்கேரி வீரர் காரோலி தகாச்சின் கதை இன்னும் உயர்ந்தது. 1938ஆம் ஆண்டில் கையெறி குண்டு வெடித்து அவருடைய வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையால் சுடப் பழகினார். 1948ஆம் ஆண்டு லண்டனிலும் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

நேயர்களே, தற்காப்புக்கோ போட்டிக்கோ, தன் கை அடக்கியாளக் கூடிய அளவே ஒருவருக்கு ஏற்ற அளவு. கருவி பெரிதாவதால் கை தேர்ந்துவிடுவதில்லை. தகாச்சின் வெற்றிக்கு வழி வகுத்தது தோட்டாவின் பருமன் அன்று, தளராத பயிற்சியே. மற்றக் கருவிகளுக்கும் இது பொருந்தும் அல்லவா?