இரண்டாம் இயங்குதளத்தின் மறைவு: விலையில்லா மடிக்கணினிகளை முன்வைத்து

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இதுவரை பெரிதும் கல்விநலத் திட்டமாகவே நோக்கப்பட்டுள்ளது. கணினிப் பயன்பாட்டு வரலாற்றில் அதற்குரிய இடம் வேறு. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகளில் விண்டோஸும், சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வன்தட்டில் இடம்பெற்றன. அதுவரை ஆர்வலர் சிலர் தம் வீட்டுக் கணினியில் கைப்படச் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு, அரசின் ஒப்பந்தப்புள்ளி வழியே, நாகமலை புதுக்கோட்டை போன்ற கல்லூரி சார்ந்த ஊர்களின் எளிய வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

இதன் அருமையை உணர ஓர் அயல்நாட்டு நிகழ்வு உதவும். 1998இல் ஹிட்டாச்சி நிறுவனம் விண்டோஸுடன் பீஓஎஸ் இயங்குதளத்தையும் இட்டுக் கணினிகளை விற்றது. ஆனால் கணினி இயங்கத் தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் திரையில் தோன்றவில்லை. வன்தட்டில் இருந்த பீஓஎஸ் வாங்கியவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. மைக்ரோசாப்டின் உரிம நிபந்தனைகளே இதற்குக் காரணம் எனக் கூறிப் பீ நிறுவனம் 2002இல் வழக்குத் தொடுத்தது; மறு ஆண்டில் மைக்ரோசாப்ட் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 2 கோடியே 32.5 இலட்சம் டாலர் அளித்து வழக்கை முடித்துக்கொண்டது. உற்பத்தியாளருக்கு வாய்க்காத பேரவலிமை, இலட்சக்கணக்கில் கொள்முதல் செய்த ஓர் அரசுக்கு வாய்த்தது.

ஆயினும் பட்டியலைத் தோன்றச் செய்வது ஒன்று. அதை நிலைக்கச் செய்வது மற்றொன்று. பழைய முறையில் தொடக்க நிரல் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில், அவற்றுள்ளும் 446 பைட்டுகளில் அடங்கியாக வேண்டும். இரு இயங்குதளங்களுக்கும் அது பொதுவாசல். பழுது நீக்குபவர் விண்டோஸை மீண்டும் நிறுவினால் அது தன் நிரலை அங்கே எழுதிவிடும்; லினக்ஸுக்கு வழிவிடும் கிரப் பட்டியல் மறையும். லினக்ஸோ தன் பாகத்தில் சிதையாமல் கிடக்கும். விண்டோஸ் 8க்குப் பின் பரவிய யுஇஎஃப்ஐ முறையில் இச்சிக்கல் உருமாறியது என்பது தனியே ஆராயத்தக்கது. கோப்புகளிலும் சமநிலை இல்லை: லினக்ஸிலிருந்து விண்டோஸ் பாகத்தைத் திறக்கலாம், விண்டோஸோ தன் இயல்பில் லினக்ஸ் பாகத்தைப் படிக்காது. பாஸில் தட்டெழுதிச் சேமித்த ஆய்வேட்டை மறுபக்கத்தில் தேடிய மாணவர் அதைத் தொலைந்ததாகவே கருதியிருக்கக் கூடும்.

எனவே, பாஸ் வழக்கொழிந்ததை மாணவரின் நிராகரிப்பாக மட்டும் கொள்வது அவசர முடிவாகும். நிராகரித்தோர் இருந்திருப்பர், ஆனால் தெரிவு செய்யும் வாய்ப்பே நீங்கியபின் பயன்படுத்தாதவரையும் அவர்களோடு எண்ணுவது முறையன்று. இத்திட்டம் குறித்த களஆய்வுகள், ‘பாஸைப் பயன்படுத்தினீர்களா?’ என்று தொடங்குவதைவிட, விண்டோஸ் முதன்முதலில் எப்போது, எவரால் மறுநிறுவல் செய்யப்பட்டது, அதன்பின் பட்டியல் திரையில் தோன்றியதா என்று வினவித் தொடங்குவதே பொருந்தும்.